பதினொன்றாம் பம்பின் சிலிண்டர்

2081 ஆகஸ்ட் 3, 09:15
தளக் கிடங்கு, அண்டார்டிகா. வெளியே மைனஸ் 51. காற்று லேசு.

எரிவாயு சோதகர் பிரகாசி எழுதுவது. எனக்குப் பிறகு இந்தக் கிடங்குச் சாவியை வாங்குகிறவருக்காக.

இன்று முப்பத்தெட்டு சிலிண்டர்கள் பார்த்தேன். எல்லாம் புரொப்பேன், பதினான்கு கிலோ. கைப்பிடித் தகட்டில் C-79 என்று அடித்திருக்கிறது. அதாவது 2079 செப்டம்பரோடு சோதனைத் தவணை முடிந்தவை. இரண்டு கோடைகளாகக் கடல்பனி விலகவில்லை, கப்பல் வரவில்லை, புதுச் சிலிண்டர் இல்லை. துரு இல்லை. வால்வில் கசிவு இல்லை. இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்துக் கையெழுத்திட்டேன். இது மூன்றாவது நீட்டிப்பு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பனியாற்றின் அடியில் ஓடும் நீரைப் பதினொரு பம்புகள் இறைக்கின்றன. அடிநீர் வற்றினால் பனி பாறைமேல் உட்காரும், கடலுக்குள் சரியாது, கடல் ஏறாது. தூத்துக்குடியில் எங்கள் தெரு தண்ணீருக்குள் போன வருடம் நானும் என் கணவரும் இந்த வேலைக்கு எழுதிப் போட்டோம். பம்புக்கு ஒரு ஆள், ஒரு கேரவன், அதை இழுக்க ஒரு டிராக்டர். பம்புக்கும் விளக்குக்கும் காற்றாலை. கேரவனைச் சூடாக்க புரொப்பேன்.

மைனஸ் 42-க்குக் கீழே புரொப்பேன் ஆவியாகாது. உருளைக்குள் தண்ணீராகக் கிடக்கும். அதனால் சிலிண்டரை வெளியே வைப்பதில்லை. கேரவனுக்குள், படுக்கைக்குக் கீழே ஒரு பெட்டியில் வைக்கிறோம். கசிந்தால் ஆள் தூங்கும் இடத்தில்தான் கசியும். கேரவன்களில் இருந்த கசிவுமானிகளுக்கெல்லாம் சென்ற வருடமே ஆயுள் முடிந்துவிட்டது. வேலை செய்வது ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, 12:50
தளம். மைனஸ் 55. புயல் ஓய்ந்துவிட்டது.

தினமும் பன்னிரண்டரைக்குப் பம்புகள் ஒவ்வொன்றாகப் பேசும். பதினொன்று கடைசி. நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இருப்பவர் என் கணவர் தஸ்நேவிஸ். எங்கள் ஊர் பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரை அவருக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் நேவிஸ் என்போம்.

"ஏளா பிரகாசி, இங்கன காத்து பேயாட்டம் அடிச்சுது. காத்தாலைக் கம்பம் முறிஞ்சி நேரா டிராக்டர் மேலயே சாஞ்சிட்டு. டிராக்டர் இனி ஆவாது."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கரண்டுதான் கெடையாது. பேட்டரில ரேடியோ ஓடும். சிலிண்டர் முழுசா ஒண்ணு இருக்கு, ஆறு நாள் தாங்கும். நீ மெள்ள வா."

தளத் தலைவர் துரைக்கண்ணுவிடம் சொன்னேன். பாதை தெளிந்ததும், எட்டாம் தேதி வாக்கில், நான் சோதனைக் கேரவனை இழுத்துக்கொண்டு போய் அவரை அழைத்து வருவதென்று முடிவு.

ஆகஸ்ட் 7, 08:20
ஆறாம் பம்பு, தளத்திலிருந்து ஐந்து கி.மீ. மைனஸ் 57.

இந்தப் பம்பின் ஆள் ஹர்ஜீத் இறந்துவிட்டார். இரவு அணைத்திருந்த அடுப்பைக் காலையில் பற்றவைத்திருக்கிறார். கேரவனின் சுவர்கள் நாலு பக்கமும் விழுந்து கிடக்கின்றன. இருபத்தாறு வயது.

சிலிண்டர் வெடிக்கவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரில் சுற்றிலும் நூல் போல ஒரு வெடிப்பு. இரவெல்லாம் கசிந்து தரையில் தேங்கியிருக்கிறது. புரொப்பேன் காற்றைவிடக் கனம். மேலே மணக்காது.

C-79. நீட்டிப்புக் கையெழுத்து என்னுடையது.

ஆகஸ்ட் 7, 10:30
தளம்.

பதிவேட்டைப் புரட்டினேன். நேற்று முன்தினம் ஹர்ஜீத் சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருக்கிறார். குமிழ் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். அதாவது வாஷர் அதற்குப் பிறகுதான் விட்டிருக்கிறது. இந்தக் குளிரில் ரப்பர் எந்த நேரமும் விடலாம். இன்று நல்லதாக இருப்பதை வைத்து நாளைக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது.

C-79 அனைத்தையும் நிறுத்தச் சொல்லி எல்லாப் பம்புகளுக்கும் அறிவித்தேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்திடம் தவணை முடியாத சிலிண்டர் இருக்கிறது. மற்றவர்கள் டிராக்டரை எடுத்துக்கொண்டு தளத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

நேவிஸிடம் இருப்பது C-79.

இதையும் எழுத வேண்டும். சென்ற மாதம் தூரத்துப் பம்புகளுக்கென்று நாலு நல்ல சிலிண்டர் ஒதுக்கினார்கள். பதினொன்றுக்கு வரவேண்டியதை நான்தான் ஏழாம் பம்புக்கு மாற்றி அனுப்பினேன். வீட்டுக்காரருக்கு நல்லதை எடுத்து வைத்தாள் என்று ஏழாம் பம்புக்காரர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. நேவிஸிடம் சொன்னபோது, "நல்லதுளா, விடு" என்றார்.

ஆகஸ்ட் 7, 11:40
தளம். கிளம்புமுன்.

கணக்கு: தூரம் நூற்று நாற்பது. அந்தப் பக்கம் வேறு பம்பு இல்லை, தளத்திலிருந்துதான் போக வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் இருபத்தாறு மணி நேரம். அடுப்பை அணைத்தால் கேரவனுக்குள் ஒரு நாளில் மைனஸ் 30 ஆகும். திடமான ஆள், தூக்கப் பையில், முப்பத்தாறு மணி நேரம் தாங்குவார். அடுப்பை அணைக்காவிட்டால் ஹர்ஜீத்துக்கு நடந்தது நடக்கலாம். வால்வை மூடினால் மட்டும் போதாது. கசிவது வால்வேதான். வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

துரைக்கண்ணு, "தளத்துக்கு நான் தலைவரு, சிலிண்டருக்கு நீங்கதாம்மா. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்றார்.

நேவிஸை அழைத்தேன்.

"சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துட்டேன். ஒரு குமிழ்கூட வரல. மணமும் இல்ல. நெசமாவே அணைக்கணுமாளா?"

"ஹர்ஜீத்துக்கும் குமிழ் வரலங்க. அணைச்சிருங்க. வெளிய கொண்டுபோய் வச்சிருங்க. நாளைக்கி ரெண்டு மணிக்குள்ள நான் வந்துருவேன்."



"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வெளியே வைத்துவிட்டேன் என்று அவர் திரும்பச் சொல்ல நாற்பது நிமிடம் ஆனது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். பூட்ஸ் மாட்டப் பிந்திவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 7, 16:00
கி.மீ. 24. மைனஸ் 56.

டிராக்டர் நன்றாக ஓடுகிறது. பின்னால் கேரவனில், தளத்தின் அவசர இருப்பிலிருந்து எடுத்த ஆறு நல்ல சிலிண்டர். அடுப்பு எரிகிறது. நான் அங்கே சேர்ந்ததும் நேவிஸ் படுக்கும்படி கட்டிலை விரித்து வைத்திருக்கிறேன். உள்ளே இருபது டிகிரி.

அவர் பேசினார். அவர் கேரவனுக்குள் மைனஸ் 8. கருவாட்டுக் குழம்பு வேண்டுமாம். என்னிடம் பொட்டலக் கோழிதான் இருக்கிறது என்றேன். அதற்கு இந்தத் தூரம் வரவேண்டாம், திரும்பிப் போ என்றார். சிரித்தோம். பத்தொன்பது வருடமாக இந்த ஆளுக்குச் சாப்பாட்டுப் பேச்சுதான்.

ஆகஸ்ட் 8, 07:10
கி.மீ. 100. மைனஸ் 58.

பாதை இல்லை. சென்ற மாதம் நான் கடந்து போன பனிப்பாலம் புயலில் உள்ளே விழுந்திருக்கிறது. பிளவு இருபது மீட்டர் அகலம், ஆழம் தெரியவில்லை. வரைபடத்தின்படி வடக்கே சுற்றிப் போகலாம். அறுபது கிலோமீட்டர் கூடுதல். அதுவும் கம்பால் குத்திப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

புதுக் கணக்கு: இன்று இரண்டு மணிக்குப் பதில் நாளை காலை பத்து மணி. மொத்தம் நாற்பத்தாறு மணி நேரம்.

முப்பத்தாறு என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, 08:45
கி.மீ. 101.

அவரிடம் சொன்னேன். அடுப்பைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். கசிந்தாலும் பரவாயில்லை, தரையை ஒட்டிய கதவுத் துவாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேச்சு மெதுவாக வந்தது. சில சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பேசினார்.

"கொண்டாந்துட்டேன்ளா. திறந்தா ஒண்ணும் வரல. ஆட்டிப் பாத்தா உள்ள தண்ணியாட்டம் கெடக்கு."

தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, தெரியும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் வகுப்பில் நான் சொல்லித் தருவதே அதுதான். ஒரு இரவு மைனஸ் 58-இல் கிடந்த சிலிண்டர் அது. உள்ளே இருக்கிற குளிரில் அது அடுப்பு எரியும் அளவுக்குச் சூடேற நாள் கணக்காகும். வெளியே வை என்று சொன்ன அந்த நிமிடமே அதைத் திரும்ப ஏற்ற முடியாதபடி ஆக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, 13:20
கி.மீ. 115. வெளிச்சம் இருக்கிறது. கம்பால் குத்திக் குத்திப் போகிறேன்.

அவரே அழைத்தார். அப்படியே பதிகிறேன்.

"பிரகாசி. பேட்டரி முடியப் போவுது. ஒரு யோசன. இத தூக்கப் பைக்குள்ள வச்சிக் கட்டிப் பிடிச்சிக்கிடுதேன். ஒடம்புச் சூட்டுல கொஞ்சம் ஏறுச்சின்னா கேஸ் வந்துரும்லா."

"வேண்டாம். ஏங்க, வேண்டாம். அது இரும்பு. உங்க சூட்டையும் அது உறிஞ்சிரும். அது பக்கத்துலயே போவாதீங்க. கேக்குதா?"

"கொஞ்சம் ஏறுனா போதும்ளா. பத்து டிகிரி."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

"நீ ஒண்ணும் வெரசா வராத. பள்ளம் பாத்து வா. நான் இங்கனதான்"

அவ்வளவுதான். அதற்கப்புறம் இரைச்சல்கூட இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னதில் எவ்வளவு அவர் காதில் விழுந்ததென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, 18:00
கி.மீ. 131.

அழைக்கிறேன். பதில் இல்லை. தளத்திலிருந்து துரைக்கண்ணு பேசினார்.

"நீங்க கொஞ்சம் நின்னு தூங்குங்கம்மா. பிளவுல விழுந்துட்டா ரெண்டு பேரும் போயிடுவீங்க."

நிற்கவில்லை.

ஆகஸ்ட் 9, 10:25
பதினொன்றாம் பம்பு. வெளியே மைனஸ் 58. கேரவனுக்குள் மைனஸ் 41.

வந்துவிட்டேன்.

நேவிஸ் இறந்துவிட்டார். தூக்கப் பைக்குள் இருந்தார். சிலிண்டர் அவர் நெஞ்சோடு இருந்தது. இரண்டு கையும் அதைச் சுற்றி.

ஆகஸ்ட் 9, 11:40

இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருக்கிறது. பலகை வைத்துக் கட்டியிருக்கிறார். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார். கம்பம் விழுந்த அன்றைக்கு அடிபட்டிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றாரே. நான் பயந்துகொண்டு பாதை தெளியுமுன்பே கிளம்பிவிடுவேன் என்று நினைத்திருப்பார். கிளம்பியிருப்பேன்.

கதவிலிருந்து சிலிண்டர் வைத்த இடம் வரைக்கும் பனியில் இழுத்த தடம் இருக்கிறது. போன தடம் ஒன்று. திரும்பி வந்த தடம் ஒன்று. உட்கார்ந்தபடி இழுத்திருக்கிறார். இரும்பும் வாயுவும் சேர்ந்து முப்பது கிலோ. அதற்குத்தான் நாற்பது நிமிடம்.

நான் திடமான ஆளுக்குக் கணக்குப் போட்டேன்.

சிலிண்டரை அவர் கையிலிருந்து எடுக்க வெகு நேரம் ஆயிற்று. விரல்கள் விரியவில்லை. உடைந்துவிடும் என்று பயந்து நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்.

ஆகஸ்ட் 9, 12:30

தளம் அழைத்தது. பம்பு ஒவ்வொன்றாகப் பேசும் நேரம். பதினொன்றின் முறை வந்தபோது துரைக்கண்ணு பம்பின் எண்ணை மட்டும் சொன்னார். நேவிஸ் இறந்ததையும் அந்தச் சிலிண்டரைச் சோதிக்கப் போவதையும் சொன்னேன். அவர் திரும்பத் திரும்ப, "அம்மா, அந்த சிலிண்டரத் தொடாதீங்க. நம்ம நல்ல சிலிண்டர்ல அடுப்பப் போட்டுக்கிட்டு உக்காருங்க, நாங்க வர்றோம்" என்றார்.

சோதனை என் வேலை.

ஆகஸ்ட் 9, 17:30
சோதனைக் கேரவன். உள்ளே 20.

பொருள்: புரொப்பேன் சிலிண்டர், பதினான்கு கிலோ, C-79, பதினொன்றாம் பம்பு.

நாலு மணி நேரம் அறைச் சூட்டில் வைத்தபின் அழுத்தம் 7.3 பார். ஒரு மணி நேரம் கழித்து 7.3. கசிவுமானி: வால்வுத் தலையில் பூஜ்யம். கழுத்தில் பூஜ்யம். தரையில் பூஜ்யம். மானி பழுதோ என்று லைட்டர் வாயுவைக் காட்டிப் பார்த்தேன், உடனே ஏறியது. மானி சரி. மறுபடி சிலிண்டருக்கு வைத்தேன். பூஜ்யம். சோப்புத் தண்ணீர், குமிழ் இல்லை. வால்வை மூன்று முறை திறந்து மூடினேன். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

வாஷரை உருப்பெருக்கியில் பார்க்கத் துவாரம் வழியாகக் கம்பிக் கேமரா விட்டேன். வெடிப்பு இல்லை. புதிது போல இருக்கிறது.

இது எரிந்திருக்கும். ஆறு நாளும் எரிந்திருக்கும். நான் வந்து சேரும்போது அவர் வெந்நீர் வைத்துக்கொண்டு

முடிவு: தேர்ச்சி.

ஆகஸ்ட் 9, 19:15
பதினொன்றாம் பம்பின் கேரவன்.

சிலிண்டரை அவருடைய கேரவனுக்கே திரும்பக் கொண்டுவந்தேன். ரெகுலேட்டரை மாட்டினேன். அடுப்பு ஒரே தட்டில் பற்றியது. சுடர் நீலம், ஆட்டம் இல்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கிறவர் யாராக இருந்தாலும், இந்த வாஷர் இன்றிரவே விட்டாலும், இந்தச் சோதனை முடிவைத் திருத்தாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.

நள்ளிரவு தாண்டிவிட்டது, உள்ளே பதினெட்டு டிகிரி. ஜன்னல் பனி உருகி ஓடுகிறது. அவர் விரல்கள் இளகிவிட்டன. ஒவ்வொன்றாக விரிகின்றன. என் கையை உள்ளே வைத்தேன், பிடித்துக்கொள்கிற மாதிரியே