பெரிய டயர் போடலாமா

செப்டம்பர் 4, 2025, வியாழன்

மன்னிக்கணும். எழுதி வைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. இன்று அப்பா ஒரு கேள்வி கேட்டார், எனக்கு வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தவலை, நாற்காலி எல்லாவற்றையும் கல்யாண வீடுகளுக்கு அப்பாதான் பிக்கப்பில் கொண்டுபோய் இறக்குவார். போன கார்த்திகையில் கிள்ளை பக்கம் ஒரு கல்யாணம். வழியில் தொடையளவு தண்ணீர், நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது. எங்கள் அண்டா போய்ச் சேர்வதற்குள் பெண் வீட்டார் அக்கம்பக்கத்துக் குண்டான்களில் சோறு வடித்துவிட்டார்கள். அப்பா அதை இன்னும் மறக்கவில்லை.

மழைக்கு முன் பெரிய டயர் போட்டுவிடலாம் என்பது அம்மாவின் தம்பி ஜெயப்பிரகாஷ் மாமாவின் யோசனை.

"என்னா மாமா, வண்டி தவள மாரி குந்திகினு இருக்கு! நாலு அங்குலம் பெருசா போடு, ஆத்துலயே வுடலாம்."

"ஆத்துல நீ வுடு மச்சான், நான் ரோட்டுல போனா போதும்" என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லு கயலு, அதான் முடிவு."

இருபத்திரண்டு வயதுவரை என்னிடம் யாரும் முடிவு கேட்டதில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 5

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு நாலு நாள் அலைந்தார். அந்த பி.எஸ்சி. இயற்பியல் ஒரு டயருக்காவது ஆகாதா?

செப்டம்பர் 7, ஞாயிறு

டயர் நாலு அங்குலம் பெரிதானால் வண்டி இரண்டு அங்குலம்தான் உயரும். அச்சு சக்கரத்தின் நடுவில்தானே இருக்கிறது? மூன்று தடவை படம் போட்டுப் பார்த்துவிட்டேன். தொடையளவு தண்ணீரில் இரண்டு அங்குலம் எந்த மூலைக்கு?

சொல்லலாம். ஆனால் மாமா ஆசை ஆசையாக விலையெல்லாம் விசாரித்துவிட்டார். "டிகிரி வாங்குனதும் வாய் வந்துடுச்சா" என்று ஒரு பேச்சு வந்தால்?

சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

இன்று வடலூர் ஆர்டர். அப்பா வண்டியின் மேல் நின்று இழுக்க, அம்மா கீழேயிருந்து தூக்கிக் கொடுத்தாள். பெரிய அண்டாவை முதலில் தொடையில் ஏற்றுகிறாள், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தள்ளு. வண்டித் தளம் அவள் மார்புக்கு நேராக இருக்கிறது. ஏற்றி முடித்ததும் ஒரு கை அடிவயிற்றுக்குப் போனது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, சூடு."

அம்மாவுக்கு எல்லாமே சூடுதான். ஆனால் கொஞ்ச மாதமாகக் கீழே குந்த முடியாமல் நின்றுகொண்டே அரிவாள்மனைக்குப் பதில் கத்தியில் காய் நறுக்குகிறாள். துணிகளை என் கண்ணில் படாமல் உலர்த்துகிறாள். கர்ப்பப்பை இறங்கியிருக்குமோ? பாரம் தூக்குகிறவர்களுக்கு வரும் என்று படித்திருக்கிறேன். யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது? அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

தண்ணீருக்கு இரண்டு அங்குலம் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு—

நான் இன்றுவரை ஒரு அண்டாவையும் தூக்கியதில்லை. கிட்டப் போனாலே "நீ போயி படி, ஒனக்கு இடுப்பு புடிச்சிக்கும்" என்று விரட்டுவாள். என் பங்கையும் சேர்த்துத்தான் இத்தனை வருஷமும் தூக்கியிருக்கா. நான் படிச்சேன், அவ தூக்கினா.

செப்டம்பர் 14, ஞாயிறு

சிதம்பரத்தில் சேரன் அண்ணனின் டயர் கடைக்கு அப்பாவும் மாமாவும் என்னையும் கூட்டிப் போனார்கள். மாமா ஒரு டயரைக் கன்றுக்குட்டி மாதிரி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ரெண்டு அங்குலம்தான்பா ஒசரும்."

"அப்ப மீதி ரெண்டு அங்குலம் பூமிக்குள்ளயா போவுது?" என்றார் மாமா.

சேரன் அண்ணன் சிரித்தார். "மேலதான் போவுது, மட்கார்டுக்கு. பாப்பா சொல்றது கரெக்ட்டு. திருப்பும்போது ஒரசும், பாரம் ஏத்துனா கியர் திணறும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. காட்டப் போனா கேள்வி கேப்பான்." விற்க வேண்டிய மனிதர். அவருக்கு என்ன தேவை, உண்மையைச் சொல்ல? நன்றாக இருக்கட்டும்.

பிறகு இன்னொன்றும் சொன்னேன். "அம்மா தூக்கணும்பா. இப்பவே மார் ஒசரம்." ஆண்கள் நடுவில் வேறு என்ன சொல்ல?

அப்பா கடைக்காரர் பக்கம் திரும்பினார். "டயர் வேணாம் சேரா."

மாமாவுக்குக் கோபமே இல்லை. "எங்கக்கா பொண்ணாச்சே" என்று சொல்லி எனக்கு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், புதுச்சத்திரம் தாண்டியதும், அப்பா தானாகச் சொன்னார்: "அன்னிக்கி கல்யாண வூட்டு வாசல்லயே டிராக்டர் நின்னுகினு இருந்துச்சு கயலு. ஒரு போன் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

என் கூச்சம் யாருடையது என்று இன்றுதான் தெரிந்தது. அதற்காகவும் அவரைப் பிடிக்கிறது.

செப்டம்பர் 29

ஆர்டர் சீட்டு புதிதாக அச்சடித்து வந்தது. கடைசி வரி நான் எழுதிக் கொடுத்தது: 'வழியில் தண்ணீர் நின்றால் டிராக்டர் அனுப்பி உதவவும்.' அப்பா இரண்டு தடவை படித்தார். "'உதவவும்' போட்டிருக்க. நல்லாருக்கு."

அக்டோபர் 26, ஞாயிறு

விடாத மழை. முந்தாநாள் மறுபடியும் கிள்ளை பக்கம்தான் ஆர்டர், அம்மாவும் நானும் கூடப் போனோம், மறுபடியும் தண்ணீர். அப்பா போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தார். நான் கல்யாண வீட்டு நம்பரைப் போட்டு அவர் காதில் வைத்துவிட்டேன். "இதுக்கென்னாங்க, இதோ வரோம்!" என்றார்கள். அரை மணியில் டிராக்டர் வந்தது. இளவட்டங்கள் ஆறு பேர் அண்டாக்களைக் கை மாற்றி ஏற்றினார்கள். அம்மாவைத் தொடவே விடவில்லை. "நீ குடைய புடி அத்த" என்றார்கள். ஒரு வேலையும் இல்லாமல் குடை பிடித்து நின்ற அம்மாவை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அவளுக்கே சிரிப்பு.

அந்தப் பையன்கள் ஒவ்வொரு தடவையும் வரப்போவதில்லை. திரும்பி வந்த அண்டாக்களை நேற்று கடையில் அம்மாதான் தூக்கி அடுக்கினாள். கை அடிவயிற்றில்.

இப்போது அடுப்படியில் தனியாக இருக்கிறாள். வாய் குழறக் கூடாது என்று இங்கே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அப்படியே போய்ச் சொல்லணும்.

அம்மா, சூடு இல்லம்மா அது. எனக்குத் தெரியும். நாளைக்கி எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாம்மா. பொம்பள டாக்டருதான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்றேன். நீ வந்தா மட்டும் போதும்.