குளோரியின் ஆன்மாவுக்கு ஒரு பூசை

சேசு மரி சூசை துணை
15-10-2013

அன்பு மகள் லிஜிக்கு அம்மா குளோரி, உன் தங்கச்சி அஜிஷாவின் கையால் எழுதிக்கொள்வது. நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதச் சொன்னேன், உனக்கு அது மறந்துபோயிற்றோ என்று சந்தேகம் வந்துவிட்டது. நீ சுகமாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பா மங்களூர்ப் பக்கம் தொழிலுக்குப் போன போட் இன்னும் கரைக்கு வரவில்லை. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, சாளை மீன் மலிந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு நானும் அஜிஷாவும் போயிருந்தோம். பூசை தொடங்குமுன் உபதேசியார் வழக்கம்போல், இன்றைக்கு யாருக்காகப் பூசை என்று கருத்து வாசித்தார். இறந்துபோன குளோரியின் ஆன்மா இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர்கள் டென்மார்க்கில் படிக்கும் மகள் லிஜியின் தோழிகள் என்று மைக்கில் சொன்னார். அவரும் சாமியாரும் ஊருக்குப் புதிது, எழுதி வந்ததை அப்படியே வாசித்துவிட்டார். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் தலைகள் என் பக்கம் திரும்பின. பக்கத்தில் இருந்த மீன்காரி ராஜபாய் என் தொடையைக் கிள்ளி, “ஏட்டி குளோரி, நீ எப்பம் செத்த? அடக்கத்துக்கு விளிக்கவும் இல்லியே” என்றாள். எழுந்து போகலாம் என்று பார்த்தேன், போகவில்லை. என் ஆன்மாவுக்காக எல்லோரும் முழங்காலில் நின்றபோது நானும் நின்றேன், ஆமென் சொன்னேன்.

பூசை முடிந்து சாமியார் வீட்டுக்குப் போனோம். உன் தோழிகள் அவர் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்த கடிதத்தைத் திறந்து காட்டினார், அஜிஷா வாசித்துத் தமிழில் சொன்னாள். அடுப்புப் புகையில் இருமி இருமி உன் அம்மா செத்துப்போனாள் என்று நீ உன் கல்லூரி மண்டபத்தில் பேசினாயாம், கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்களாம். உனக்கு அந்த உதவித்தொகை கிடைத்ததே அந்தக் கதையை எழுதிக் கொடுத்துத்தானாம். நான் செத்ததாக நீ சொன்ன நாளில் உனக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் பங்கின் விலாசத்தைத் தேடிப்பிடித்து, உனக்குச் சொல்லாமல் பூசைக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். போன வருடம் நீ கேஸ் அடுப்பைத் துணி போட்டு மூடிவிட்டு, புறவாசல் விறகடுப்பில் ஈர ஓலையைச் செருகச் சொல்லி என்னைப் படம் எடுத்தது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. கண்ணைக் கசக்கு அம்மா என்றாய், கசக்கினேன்.

உன் படிப்பு என்னவென்று அஜிஷாவிடம் கேட்டேன். இங்கே நல்ல அடுப்பு வைத்துப் புகையைக் குறைத்தால், எழும்பாத புகையைக் கணக்குப் பார்த்து அங்கே பணம் கொடுப்பார்களாம். எழும்பாத புகைக்குப் பணம் கொடுக்கிற ஊரில், சாகாத அம்மாவுக்குப் பூசை வைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. இவளும் அதையே படிக்க ஆசைப்படுகிறாள். உனக்குச் சாகக் கொடுக்க இனி அப்பா மட்டும்தான் பாக்கி என்றேன். அழுகிறாள், அழுதுகொண்டே எழுது என்றேன்.

அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று பதில் எழுதப்போகிறேன் என்றார் சாமியார். எழுதினால் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஜிஷா என் முந்தானையைப் பிடித்தாள். நான் யாரிடமும் கெஞ்சாதவள் என்று உனக்குத் தெரியும். “பொய் எழுதண்டாம் சாமி, பூசை முடிஞ்சுண்ணு மட்டும் எழுதுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அப்படியே எழுதி அனுப்பினார். உன் படிப்பு தப்பியது. புதுக்கடைச் சந்தையில் இப்போது செத்த குளோரி என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

இனி போன் பண்ணாதே. கிறிஸ்துமஸுக்கும் வராதே, நீ வந்து நின்றால் நான் சிரிக்கவேண்டும், என்னால் முடியாது. அப்பா கரைக்கு வந்து கேள்விப்பட்டால் உனக்குப் போன் பண்ணி அழுவார், உங்களுக்காகத்தான் செய்தேன் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே, நம்பிவிடுவார். அதே மண்டபத்தில் நின்று, அம்மா இருக்கிறாள் என்று உன் வாயால் சொன்னால் அன்றைக்கே புறப்பட்டு வா, படிப்பு போனாலும் சோறு இருக்கிறது. நீ சொல்லமாட்டாய். உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும், நீ எடுத்த படிப்பில் உன்னை முதலாவதாக வரச் செய்யட்டும். ஒன்று மறக்காதே. அடுத்த வருடத்துப் பூசைக்கு நீயே பணம் அனுப்பு, பெற்ற அம்மாவுக்குப் பிறத்தியார் பூசை வைப்பது மரியாதை இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
குளோரி