முதலாளி ஜீப்பில் மறுபடி ஏறாத அண்ணனுக்கு

என் ஆசை ராசு அண்ணே,

நேற்றுப் போடிமெட்டு ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிட்டு வந்தேன். இன்றைக்குப் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். இந்த இருபது வருஷமாக யாரையாவது அறைய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த கை இது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ மதுரையில் சமூகவியல் எம்.ஏ. படித்தபோது நான் தாவணி போட்ட பள்ளிக்கூடத்துப் பெண். எமர்ஜென்சி வந்த வருஷம், ஏலத்தோட்டக் கூலியாட்களைப் பற்றி ஆய்வு செய்ய ஊருக்கு வந்தாய். உன் பேராசிரியர் சொல்லித் தோட்ட முதலாளியே ஜீப் அனுப்பினார். அதில் போய் இறங்கி, வேலை எப்படி, அடி உதை உண்டா என்று கேட்டாய். "ஒரு கொறையும் இல்ல சார்" என்றார்கள் எல்லாரும். வீட்டுக்கு வந்து சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டாய்.

"அம்புட்டுப் பேரும் டிரைவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பதில் சொல்றாக செல்வி. இது ஆராய்ச்சியா? நாளைக்குக் கூலியாளுக ஜீப்புலயே போறேன்."

போனாய். கூலியாட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு போனாய். சாயங்காலம் அதே ஜீப்பில் உன்னைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் தவறி விழுந்துவிட்டாயாம். ஆத்தா உன்னைப் புரட்டிப் பார்த்தாள். முதுகு முழுக்க வரிவரியாகக் கம்புத் தடம், பின்மண்டை பிளந்திருந்தது. ரோட்டில் விழுந்தவனுக்குக் கம்புத் தடம் எங்கிருந்து வரும்?

போலீஸ் ஸ்டேஷனுக்குச் சாட்சிகளை முதலாளி ஜீப்பில்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். உன்னோடு மலையேறியவர்கள் வரிசையாக நின்று, "விழுந்துட்டாரு சார்" என்றார்கள். ஆத்தா மண்ணை வாரித் தூற்றினாள். நானும் தூற்றினேன். அவர்கள் வீடெல்லாம் பற்றி எரிய வேண்டும் என்று சாமியைக் கேட்டேன். அந்த ஜீப்பைப் பற்றி நீ சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உன் பாடத்தையே நானும் எடுத்துப் படித்த பிறகுதான், அந்தச் சாட்சிகளும் டிரைவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் பொய் சொன்னார்கள் என்று உறைத்தது.

இப்போது காலேஜில் அந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன், அண்ணே. உன் காலத்தில் மரத்தடியில் நின்று விடிய விடிய வாதாடுவீர்களாமே. இப்போது வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இருக்கிறவர்களும், "இதப் படிச்சா என்ன வேலை டீச்சர் கெடைக்கும்?" என்கிறார்கள். போன மாதம் ஹாஸ்டலில் சாதிச் சண்டை. சைக்கிள் செயினால் அடித்து ஒரு பையனுக்குக் கண் போய்விட்டது. இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு பிரின்சிபால் விசாரித்தார். "சும்மா வெளையாட்டு சார்" என்றான் அந்தப் பையன், கண்ணில் கட்டோடு. எனக்கு ஸ்டேஷனில் நின்ற உன் சாட்சிகள் ஞாபகம் வந்தது.

இந்த வருஷம் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்டேன். கல்லூரி வாசலில் வந்து நின்றது அதே முதலாளியின் ஜீப். இப்போது அவர் நிர்வாகக் கமிட்டியில் இருக்கிறார்.

"ஜீப்பும் குடுத்து மத்தியானச் சோறும் போடுறாக. போயிட்டு வாங்கம்மா. ஏற்கெனவே உங்க டிபார்ட்மென்ட மூடணுங்கிறாக. எதுக்கு வம்பு?" என்றார் பிரின்சிபால்.

"மூடுனா மூடட்டும் சார். எங்கண்ணன அடிச்சுக் கொன்னவுக ஜீப்புல என் பிள்ளைகள ஏத்த மாட்டேன்" என்றேன். டிரைவரைத் திரும்பிப் போகச் சொன்னேன். நகராமல் நின்றான். பானெட்டில் ஓங்கி அறைந்தேன். போய்விட்டான்.

நேற்று விடியற்காலையில் பிள்ளைகளோடு கூலியாட்கள் ஜீப்பில் ஏறினேன். எனக்கு எதிரே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அம்மாள், "போடியில யாரு மக நீ?" என்றாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வேலம்மாள் என்று பெயராம். வண்டி வளைந்து வளைந்து ஏற, அவள் சொன்னாள்.

"கங்காணி அடிச்ச தடத்த உங்கண்ணன்கிட்டக் காட்டுனேன் தாயி. அத அவன் பாத்துட்டான். என் மயித்தப் பிடிச்சு இழுத்துப்போட்டு மிதிச்சான். உங்கண்ணன் ஓடியாந்து கம்பப் பிடிச்சாரு. ஆள் சேத்துக்கிட்டு அடிச்சாக. கீழ எறங்குறப்ப அவரு தல என் மடியிலதான் இருந்துச்சு. அவரு விழல தாயி. விழவே இல்ல."

ஜீப்பில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர்களுக்கு மண்ணை வாரித் தூற்றினேனே என்று நெஞ்சு எரிந்தது. அடித்தவர்கள் மேல் இருக்கும் வெறி மட்டும் ஒரு துளியும் குறையவில்லை.

"கேஸ மறுபடி எடுக்க வச்சா கோர்ட்டுலயும் சொல்லுவீகளா?" என்று கேட்டேன்.

"சொல்றேன். ஆனா மொதலாளி ஜீப்புல மட்டும் என்னய ஏத்திராத."

ஏற்ற மாட்டேன், அண்ணே. டிபார்ட்மென்ட் இருந்தாலும் போனாலும் சரி, கோர்ட்டு வாசல் வரைக்கும் டவுன் பஸ்ஸில், என் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து நானே கூட்டிக்கொண்டு போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி