ஆளுநர் பிறந்த இடம்

கெட்டில்ஃபோர்டு,
21 நவம்பர் 1912.

அன்புள்ள தம்பி ஓரினுக்கு,

அக்கா திர்சா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். குளிர் தொடங்கியதும் மணிக்கட்டு வீக்கம் மட்டும் கூடிவிட்டது; எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

தேர்தலில் மூன்றாம் முறையும் நீதான் ஆளுநர் என்று தந்தி வந்த அன்று இங்கே தேவாலய மணியை அரை மணி நேரம் அடித்தார்கள். முடிதிருத்தும் எல்பர்ட் தன் கடை வாசலில் நின்று, "நம்ம ஊர்ப் பையன்யா! நம்ம செங்கல் வீட்டுல பொறந்தவன்!" என்று போவோர் வருவோரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். என்னையும் விடவில்லை. "திர்சாக்கா, நீங்க அவரு சட்டையெல்லாம் துவைச்சுக் குடுத்தவங்களாச்சே, பெருமையா இல்லையா?" என்றான். பெருமைதான் என்றேன். அதில் பொய் இல்லை.

சலவைக்கூடத்து ரோடா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். பத்து மணி நேரத்துக்கு மேல் பெண்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்ற உன் சட்டம் வந்த பிறகு, பிள்ளைகள் விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுகிறாளாம். "கடைக்குட்டிக்கு இப்பத்தான் என் மூஞ்சி பழகுதுக்கா" என்றாள்.

செப்டம்பரில் விட்லோ வீட்டுச் சுவரில் பித்தளைப் பலகை திறக்க நீ வந்தாயே, மூன்றாம் வரிசையில் நின்றிருந்தேன். "இந்த வீட்டில்தான் நான் முதன்முதலில் கண் திறந்தேன்" என்று சொல்லும்போது நீ என்னைப் பார்த்தாய். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டாய். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வயதில் உன்னைத் தத்தெடுத்துக்கொண்டு இந்த ஊருக்குக் குடிவந்த விட்லோ தம்பதி, தாங்கள் பெற்ற பிள்ளையாகத்தான் உன்னை வளர்த்தார்கள். ஊரும் அப்படியே நம்பியது; அவர்கள் குடிவந்ததைப் பார்த்த பழையவர்கள் போன பிறகு, நீ அந்த வீட்டிலேயே பிறந்தவன் என்றும் ஆகிவிட்டது. நீ வக்கீலாகி, சட்டசபைக்குப் போனபோது பத்திரிகைக்காரர்களும் அப்படியே எழுதினார்கள். நீ மறுக்கவில்லை. வெறும் சலவைக்காரியாக இதே ஊரில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை.

ஆனால் நீ கண் திறந்தது ஏழு மைல் தள்ளி, கதியற்றவர்களை வைத்து வேலை வாங்கிச் சோறு போடும் மாவட்ட ஏழைப் பண்ணையில். மரம் சாய்ந்து அப்பா செத்த பிறகு, உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு, எட்டு வயதான என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா அங்கேதான் போய் நின்றாள். பெண்கள் அறையில் இடமில்லை. பண்ணைச் சலவைக்கூடத்தில், வெந்நீர்க் கொப்பரைக்குப் பக்கத்துச் சூட்டில் நீ பிறந்தாய். மாவுச் சாக்குத் துண்டில் உன்னை முதலில் வாங்கியது நான்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அக்டோபரில் உன் புதிய சட்டப்படி ஒரு ஆய்வாளர் வந்தார். ஃபென்விக் என்ற இளம்பெண், மரியாதையானவள். ஏழைப் பண்ணையில் இறந்தவர்கள் வெறும் எண்ணோடு புதைந்து கிடக்கக் கூடாது, பெயரைக் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்பது சட்டமாமே. அங்கிருந்த பழைய பதிவேடு தீயில் போய்விட்டது. சிறுவயதில் நான் அங்கே துணி துவைத்தவள் என்று யாரோ சொல்லி, என்னைக் காரில் கூட்டிப்போனாள்.

கிழங்கு வயலுக்குப் பின்னால், கல்லறைக்கு ஒன்றாக எண் பொறித்து அடித்த அறுபத்தொரு இரும்பு முளைகள். நாற்பத்தேழாம் முளையருகே நின்று, "இது யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

அது உனக்குத் தெரியாது, ஓரின். அம்மா இறந்தது உன் ஆறாம் வயதில், பிப்ரவரியில். மண் கல்லாய் இறுகியிருந்ததால் பெட்டியை விறகுக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். நீ தினமும் காலையில் போய்ப் பலகை இடுக்கில் வாயை வைத்து, "அம்மா, குளிருதா?" என்று கேட்பாய். மார்ச்சில் உன்னை விட்லோ தம்பதியின் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏப்ரலில் பனி இளகிய பிறகுதான் குழி வெட்டினார்கள். காவலாளி முளையை அடிக்க, பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். வேலியோரம், காட்டுப் பிளம் மரத்துக்கு இடப்பக்கம். நீ தேட வேண்டியிருக்காது என்பதற்காக எழுதுகிறேன்.

"தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன். தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. உன் எதிராளிகளின் பத்திரிகை அம்மாவைப் பற்றி என்னென்ன எழுதும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் 'அறியப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த முளைக்கு நகர்ந்தாள். பெற்றவளை அவள் தலைமாட்டிலேயே நின்று மறுத்துவிட்டு வந்தவளுக்குச் சோறு இறங்குமா? இரண்டு நாள் எனக்கு ஒரு துண்டு ரொட்டி இறங்கவில்லை.

அதன்பிறகுதான், அம்மா பெயரைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டு உனக்கு எழுதினேன். தேர்தல் முடிந்து பதில் வந்தது, தட்டச்சில், உன் செயலாளர் கையெழுத்தோடு. பழைய விஷயங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று ஆளுநர் கருதுகிறாராம். நீ என் கடிதத்தைப் பார்த்திருக்கமாட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தாளின் அடியில் மையால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "உடம்பைப் பார்த்துக்கொள்." அது உன் கையெழுத்து.

திங்கட்கிழமை பால் வண்டியில் ஏறிப் பண்ணைக்குப் போனேன். அங்கே இன்னும் பெயர் ஏட்டை எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், நான் அன்று சொன்னது பொய் என்றேன். அவள் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "பேரைச் சொல்லுங்கம்மா" என்றாள்.

"லவீனா ட்ரெஸ்க்."

"அவங்க உங்களுக்கு என்ன உறவும்மா?"

"எங்கம்மா."

நாற்பத்தாறு வருடம் கழித்து இன்னொருவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

உன் சட்டத்தில் பிள்ளைகள் பெயருக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறாய். "பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள். "பொண்ணு ஒண்ணு. அது நான்தான்" என்றேன். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கியபடியே என் முகத்தைப் பார்த்தாள். "வேற யாரும் இல்லையாம்மா?" என்றாள்.

"நான் சொல்றதுக்கு இல்லை தாயி. இருந்தா அவங்களே சொல்லட்டும்."

அவள் என் பெயருக்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட்டு, மை காயட்டும் என்று ஏட்டைத் திறந்தே வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏடு தலைநகருக்குப் போகிறது. ஆளுநர் கையெழுத்திட்ட பிறகுதான் பெயர்களைக் கல்லில் வெட்டுவார்களாம். அந்தக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் பெயரும் கல்லில் வருமாம். நாற்பத்தேழாம் பக்கத்தை உன் செயலாளர் திருப்ப விடாதே, தம்பி. நீயே திருப்பு. அதற்குமேல் உன்னிடம் நான் எதுவும் கேட்கமாட்டேன். நீ அந்த வரியை அப்படியே விட்டாலும் எனக்கு நீ தம்பிதான்.

கர்த்தர் உன் கையைப் பிடித்து நடத்துவாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். என்னை யாரென்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாயோ என்னவோ.

என்றும் உன் அக்கா,
திர்சா