நோனாதலாவின் ஓடில்லாத நத்தை

1974 நவம்பர் 11

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து செத்த நத்தைகளைப் பிரித்தேன். ஓடில்லாத கடல் நத்தைகள். உயிரோடு இருக்கும்போது நீலம், ஆரஞ்சு, புள்ளி, கரை என்று ஜவுளிக்கடை ஜன்னல் போல இருக்கும். ஸ்பிரிட்டில் போட்ட சில நாளில் எல்லாம் ஒரே நிறம். வேகவைத்த மொச்சை.

எங்கள் விலங்காய்வு நிலையத்தில் துறைத் தலைவர் டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் இந்த மொச்சைகளின் நிபுணர். உயிருள்ள ஒன்றை அவர் பார்த்ததில்லை. கடல் காற்று ஒத்துக்கொள்ளாதாம்.

நான் தற்காலிக உதவியாளன். மார்ச் முடிய. அதற்கு மேல் அவர் மனசு.

அப்பா கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டே கேட்டார்: "கடல் அட்டைன்னாலும் காயவெச்சு சிங்கப்பூருக்கு ஏத்தலாம்ல. ஒன் நத்தைய எவன் வாங்குவான்?" கல்கத்தா லேக் மார்க்கெட்டில் இத்தனை வருஷம் பலசரக்குக் கடை நடத்தியும் தூத்துக்குடிக்காரர் கேட்கிற கேள்விதான். எவனும் வாங்க மாட்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

பாலிகஞ்சிலிருந்து பஸ். அப்புறம் கால்வாய்க் கரையோடு நடை. நகரம் முடிகிற இடத்தில் நோனாதலா. கடல் ஓதம் ஏறும்போது கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரை விட்டு மீன் வளர்க்கிற ஏரி. மதகைத் திறந்தால் உப்பு, மூடினால் மீன். தண்ணீருக்குள் வரிசையாக மூங்கில் கழிகள் நட்டிருக்கிறார்கள். கழிகளில் பச்சைப் பாசி. பாசியில் –

முதலில் பாசியின் ஒரு துண்டு என்றுதான் நினைத்தேன். துண்டு நகர்ந்தது. சுண்டுவிரல் நகம் அளவு, அதே பச்சை, தலையில் இரண்டு கொம்பு. தண்ணீரில் இறங்கி அதைச் சீசாவில் பிடித்தேன்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். பெயர் தாரா. ஏரியை நடத்துகிற மீனவர் கூட்டத்துக்கு அவள்தான் வாய். "மீனை விட்டுட்டுச் சளியைப் பிடிக்கிற முதல் ஆள் நீதான், பாண்டிதா." என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பாண்டியன் என்கிற நான் அவளுக்கு 'தா', அதாவது அண்ணனாம். வங்காள மரியாதை.

டிசம்பர் 3

எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தக் குலத்தில் கடற்பஞ்சு தின்பது ஒரு சாதி, கடல் சாமந்தி தின்பது ஒரு சாதி. அவற்றுக்கெல்லாம் நாக்கில் வரிசை வரிசையாகப் பல். இதற்கு ஒரே வரிசை. பாசியைக் குத்தி, சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. நிறமும் உறிஞ்சியதுதான், கண்ணாடித் தொட்டியில் பட்டினி போட்டால் நாளாக ஆக வெளுக்கிறது. உறிஞ்சிய நிறத்தைச் சொந்த நிறமாகக் காட்டுகிற பிராணி. நிலையத்தில் பெரிய நாற்காலிகளில் சிலரை நினைத்துக்கொண்டேன்.

ராகவன் சாரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் பார்க்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தார். இடத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நோனாதலாவா? அங்கே எங்க ஆபீசர்ஸ் காலனின்னா வரப்போறது. மண் அடிக்க ஆரம்பிச்சாச்சே. என்னுது கார்னர் பிளாட்." நத்தைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு மூணு வருஷம் நன்னா ஸ்டடி பண்ணு. சயின்ஸ்ல அவசரம் கூடாது பாண்டியன்."

மூன்று வருஷத்தில் இந்த நத்தையின் தலைமேல் அவருடைய சமையலறை இருக்கும்.

டிசம்பர் 15

ஏரிச் சொந்தக்காரன் பவானிபூரில் இருக்கிறான். விற்றாகிவிட்டது. வடக்கு மூலையில் குழாய் வைத்து ஆற்று மண்ணைக் கொட்டுகிறார்கள். ஒரு மூலை ஏற்கனவே மைதானம்.

"நீங்க எங்க போவீங்க?" என்று தாராவிடம் கேட்டேன். கேட்டவுடனே வெட்கமாக இருந்தது.

"காலனி வருதுல்ல. பாத்திரம் தேய்க்க ஆள் வேணும்ல," என்றாள்.

மரத்துக்கு நஷ்டஈடு உண்டாம், மாட்டுக்கு உண்டாம். குடிசைக்கு இல்லை, பட்டா இல்லாததால். மனிதர்களுக்காக இந்த ஊரில் யாரும் எதையும் நிறுத்தியதில்லை. நத்தைக்காக நிறுத்துவார்களா? கேவலமான கேள்விதான். ஆனால் என் கையில் இருப்பது நத்தை.

கோபன்ஹேகனில் ஒரு நிபுணர் இருக்கிறார். அவருக்கு வரைபடங்களோடு எழுதினேன். டெல்லியில் காட்டுயிர்த் துறைக்கும் ஒரு நகல். சாரைக் கேட்கவில்லை.

1975 பிப்ரவரி 8

கோபன்ஹேகன் பதில் வந்தது. "அசாதாரணமான கண்டுபிடிப்பு, உலகில் வேறெங்கும் அறியப்படாதது."

மெமோ வரும் என்று காத்திருந்தேன். காபி வந்தது. சார் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடச் சொல்லியிருக்கிறார். மாலைக்குள் மாடி முழுக்க "நம்ம நத்தை". இருபது வருஷ உழைப்பின் பலனாம். வெளிநாட்டுத் தபால்தலைக்கு இருக்கிற சக்தி எந்த உப்புத் தண்ணீருக்கும் இல்லை.

"கார்னர் பிளாட் என்ன சார் ஆச்சு?"

"அது கிடக்கட்டும்ப்பா. அறிவியலுக்கு முன்னாடி மனை என்ன பெரிசா?"

பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார் என்று பியூன் சொன்னான்.

பிப்ரவரி 27

டெல்லி உத்தரவு. மண் கொட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. மூன்று பேர் குழு ஏரியைப் பார்த்து முடிவு சொல்லும்; தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி.

காலனிக்காரர்களின் வக்கீல் கெட்டிக்காரன். எழுதிக் கொடுத்திருக்கிறான்: நோனாதலா இயற்கை ஏரி அல்ல, ஆட்கள் வெட்டிய மீன்பண்ணை. பண்ணையில் இருப்பது காட்டுயிர் ஆகாது. வீட்டுக் கோழியும் அதுவும் ஒன்று. கோழிக்குச் சரணாலயம் உண்டா?

சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் சொல்வது உண்மை.

மார்ச் 9

தாராவிடம் போய்ச் சொன்னேன். ஏரியை வெட்டியது யார்?

"என் மாமனார் கூட்டம். கரை போட்டதும் அவங்கதான். மதகு மரத்தை ஹவுராவுல வாங்கி படகுல கொண்டுவந்தாங்க."

"அதைச் சொன்னா ஏரி போயிடும்."

"அப்போ சொல்லாதே. கடவுள் வெட்டினதுன்னு சொல்லு. அவர் சாட்சிக்கு வரவா போறாரு?"

நான் தயங்கினேன். தயங்கியதை இங்கே எழுதி வைக்கிறேன். மதகு திறக்காவிட்டால் உப்பு இல்லை, உப்பு இல்லாவிட்டால் அந்தப் பாசி இல்லை, கழி நடாவிட்டால் பாசி பிடிக்க இடமில்லை. இந்த நத்தையின் வாழிடம் என்பது தண்ணீர் அல்ல, இவர்கள் செய்கிற வேலை. அதை எழுதினால் வக்கீல் ஜெயிக்கிறான். எழுதாவிட்டால் நான் பொய்யன்.

"யோசிக்கிறியா? நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள உன் சளி மேல மாடி வீடு கட்டிடுவான்," என்றாள்.

பொய்யன் ஆகிறேன். காலனிக்காரன் பொய்யை விட இது யோக்கியமான பொய்.

மார்ச் 20

குழு வந்தது. இதைப் போல ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை.

ஊரே ஒளிந்துகொண்டது. வலைகளை வைக்கோலுக்கு அடியில் போட்டார்கள். குழந்தைகளை அத்தை வீடுகளுக்கு அனுப்பினார்கள். மதகின் மேல் சேற்றைப் பூசி நாணலைச் செருகியது தாரா. குடிசைகள் கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருப்பதால் தெரியாது. அடுப்பு மட்டும் எரியக்கூடாது. கிழடு கட்டையோடு மீதிப் பேர் எல்லோரும் பள்ளத்தில் குந்தியிருந்தார்கள். இந்தத் தேசத்தில் ஏழைகள் இருப்பதே தெரியாமல் இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அதிகாரிகள் கனவு காண்பார்களே, அந்தக் கனவை நாங்களே நடத்திக் காட்டினோம்.

நீதிபதி குடை பிடித்து நின்றார். "மூங்கில் கழி எப்படி வந்தது?"

ராகவன் சார் என்னைப் பார்த்தார். நான், "வெள்ளத்தில் வந்து நட்டுக்கொண்டவை," என்றேன். வரிசையாகவா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தாராவின் வாத்து ஒன்று பள்ளத்திலிருந்து ஏறி, காலில் சிவப்புக் கயிற்றோடு, நேராக நீதிபதியிடம் வந்தது. உமிக்குப் பழகிய வாத்து.

"இது?"

"வலசைப் பறவை," என்றார் சார். "சைபீரியா. மோதிரம் மாட்டி விட்டிருக்கா."

நீதிபதிக்குக் கண் கலங்கிவிட்டது. வக்கீல் வாயைத் திறந்தான், அவர் கையமர்த்தினார்.

போனபின் பள்ளத்திலிருந்து எல்லோரும் எழுந்து வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தாரா மடவை மீன் வறுத்துக் கொடுத்தாள். நாலு சாப்பிட்டேன்.

மார்ச் 31

என் தற்காலிக வேலையை நீட்டித்துவிட்டார்கள்.

மே 14

ஜெயித்துவிட்டோம். உத்தரவு வந்தது. நோனாதலா "பாதுகாக்கப்பட்ட இயற்கை உப்பு ஏரி". சாருக்கு மாலை போட்டார்கள். பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்தான்.

உத்தரவை முழுக்கப் படித்தது நான் மட்டும். நான்காவது பத்தி: இயற்கை நிலை கெடாதிருக்க, எல்லைக்குள் மீன்பிடிப்பு, வசிப்பிடம், மனித நடமாட்டம் எதுவும் கூடாது.

மனிதரே இல்லாத இடம் என்று நான்தானே சாட்சி சொன்னேன். அதை நம்பிவிட்டார்கள்.

சாரிடம் ஓடினேன். "சார், அங்கே குடும்பங்கள் இருக்கு. திருத்தம் கேக்கணும்."

"இருக்கான்னு இப்போ சொன்னா அன்னிக்கு நீ சொன்னது என்னாறது? பொய்னு ஆயிடாதோ? உனக்கு வேலை போயிடும், எனக்கு மானம் போயிடும், ஏரியும் போயிடும். மூணையும் எதுக்குப்பா போக்கிக்கணும்?"

என்னால் மறுக்க முடியாத கணக்கு. நாசமாப் போக.

ஜூன் 2

முள்வேலி போட்டார்கள். தாரா சண்டை போடவில்லை. சட்டி, வலை, வாத்து – ஒரு கைவண்டி. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடவுள் வெட்டின ஏரின்னு சொல்லச் சொன்னது நான்தான்," என்றாள். "அவர் வந்து எடுத்துக்கிட்டாரு. விடு பாண்டிதா."

வண்டியைத் தள்ளப் போனேன். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள்.

ஜூன் 28

பத்திரிகையில் தலையங்கம் வர வேண்டிய இடம் வெள்ளை. நெருக்கடி நிலை, தணிக்கையாம். ஸ்பிரிட்டில் போட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 30

கட்டுரை அச்சாகி வந்தது. நத்தைக்கு சாரின் மனைவி சாவித்ரியின் பெயர், லத்தீன் வால் ஒட்டி. அந்த அம்மாள் அதன் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாரோடு பேசவில்லையாம். ஆசிரியர்கள் வரிசையில் அவர் முதல், நான் இரண்டாவது. வாழிடம்: "மனிதத் தலையீடற்ற இயற்கை ஓத ஏரி." அந்த வரி என்னுடையது.

மழை நாலு வாரமாகக் கொட்டுகிறது. ஏரியின் மதகு மூடியபடி, தொட ஆளில்லை, தொடவும் கூடாது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். குடிக்கலாம் போலிருக்கிறது. கழிகள் சாய்ந்து அழுகிவிட்டன. பாசி இல்லை. ஒவ்வொரு கழியாகத் தேடினேன். ஒரு நத்தை இல்லை. ஆகாயத்தாமரை மட்டும் செழிப்பு.

வடக்கு மூலையில், மண் கொட்டிய மைதானத்தில், "ஆய்வு விடுதி"க்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். இரண்டு மாடி. கார்னர்.

மதகைத் திறக்க அனுமதி கேட்டேன். "நம்ம பேப்பர்ல மதகுன்னு ஒண்ணு இல்லையேப்பா," என்றார்.

1976 ஜனவரி 6

கோபன்ஹேகன்காரர் மார்ச்சில் வருகிறார். கூட டெல்லியிலிருந்து ஆட்கள். உயிருள்ள நத்தையைப் பார்க்க வேண்டுமாம்.

சார் முகம் வெளுத்து, பட்டினி கிடந்த நத்தை மாதிரி ஆகிவிட்டது. கதவைச் சாத்தினார். "பாண்டியன், அந்தப் பொண்ணு யாரோ சொல்லுவியே, மதகு, கழி எல்லாம் தெரிஞ்சவா. இயற்கையை கொஞ்சம் பழையபடி கொண்டுவரச் சொல்லேன். சத்தம் போடாம."

"எந்த வேலைன்னு ஆள் எடுக்கிறது சார்? மனித நடமாட்டம் கூடாதே."

"அதெல்லாம் நீ பார்த்துக்கோ. நீதானே பாதுகாப்பு ஆபீசர்."

ஆமாம். டிசம்பரிலிருந்து நிரந்தரம். அப்பா கடையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். இங்கே எழுதக் கூசி விட்டுவிட்டேன்.

ஜனவரி 11

கிடர்பூரில் ஒரு மீன் கிடங்கில் தாரா ஐஸ் உடைக்கிறாள். கை முழுக்க வெடிப்பு. விஷயத்தைச் சொன்னேன். சம்மட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எங்க மதகைத் திறக்க எங்களுக்கே கூலியா?"

"ஆமா."

"கால்வாய் வாயில அந்தச் சளி கொஞ்சம் இன்னும் இருக்கும். உப்பு ஏறினா வரும். வந்தப்புறம்?"

"எனக்குத் தெரியலை."

"நல்லது. தெரியும்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்." பத்துப் பேர் வருவார்கள், கூலி வாராவாரம், வாத்தும் வரும் என்றாள்.

ஜனவரி 19

வேலை தொடங்கியது. புதுக் கழிகள் நட்டார்கள். சேற்றை வெட்டி மதகைத் திறந்தபோது ஓதம் உள்ளே பாய்ந்த சத்தத்துக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

கூலிதான் சிக்கல். பாதுகாப்புத் திட்டத்தில் ஆட்களுக்குச் செலவுத் தலைப்பே இல்லை. வேலி, பலகை, விடுதி, விருந்தினர் செலவு, விலங்குத் தீனி – இவ்வளவுதான். சார் விருந்தினர் செலவைத் தொடாதே என்றார். தீனியில் எழுதினேன். பத்துப் பேரையும், நத்தைக்கான தீனி என்று.

தாராவிடம் மறைக்க மனசில்லை. எந்தத் தலைப்பில் என்று சொல்லிவிட்டேன். அறைவாள் என்று நினைத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

"கூலின்னா ஆறு நாள்தான். தீனின்னா ஞாயித்துக்கிழமையும் உண்டா?"

திரும்பி வந்து விதியைப் பார்த்தேன். உண்டு.