கல்மதகுக்குள் கைகோத்திருந்தவர்கள்

மழைக்கும் பனிக்கும் ஒரே கம்பளிக்குள் என்னையும் சேர்த்துப் போர்த்திய என் மதினிக்கு,

உங்களுக்கு எழுத்து தெரியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஊரிலிருந்து உங்கள் பெரியப்பா மகன் போடும் கடிதங்களை நான்தானே வாசித்துக் காட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இவள் ஐந்தாம் வகுப்பு படித்ததற்கு இது ஒன்றுதான் பிரயோசனம் என்று சிரிப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். வாயால் சொல்லப் பயமாக இருக்கிறது. நம் லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் நாலாவது காம்பராவில் கேட்கும் என்பது நீங்கள் அறிந்ததுதானே.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. மல்லிகாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது திரும்பி வந்துவிட்டது. மாமா இங்கேதான் பிறந்தார் என்பதற்குக் காகிதம் கேட்கிறார்கள். கந்தப்பளைக் கோயில் திருவிழா இந்த வருஷமும் மழையில்தான் நடந்தது. இன்னொரு செய்தியும் உண்டு. மேல்மலைக் காட்டை வெட்டுகிறார்கள். புதுத் துரை அதையும் தேயிலையாக்கச் சொல்லிவிட்டார்.

காட்டை வெட்டினால் பாசியாட்கள் எங்கே போவார்கள் என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள். நான் கேட்கவில்லை மதினி. போய்த் தொலையட்டும் என்றுதான் நினைத்தேன்.

விறகு பொறுக்கப் போகும்போதெல்லாம் காட்டோரத்தில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, ரொட்டி சுடும்போது எனக்குச் சொல்வீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நான் காதைப் பொத்துவேன். நீங்கள் ‘அவங்க’ என்பீர்கள். நான் ‘அதுங்க’ என்பேன். பொத்திய காதிலும் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. நான் சரியாகக் கேட்டேனா என்று நீங்களே பாருங்கள்.

முழங்கால் உயரம். மரப்பட்டை போன்ற தோல். அதன்மேல் பாசி உயிரோடு வளரும். தண்ணீரை அவை வாயால் குடிப்பதில்லை. பனிமூட்டத்திலிருந்து பாசிதான் உறிஞ்சிக் கொடுக்கும். உக்கிய மரத்தில் முளைக்கும் காளான்தான் சாப்பாடு. கைக்கு நாலு விரல். குரல் கிடையாது, கல்லிலும் வேரிலும் தட்டித் தட்டித்தான் பேச்சு.

பகலில் வேர்ப்பொந்துக்குள் வட்டமாக உட்கார்ந்து, கையோடு கை கோத்துத் தூங்கும். தூங்கும்போது விரல்கள் பூட்டிக்கொள்ளும். யார் இழுத்தாலும் திறக்காது. ஒன்று மட்டும் முழித்திருந்து, மற்றவை காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வரும். முறை வைத்து மாறிக்கொள்ளும். குட்டிகளுக்கு இரண்டு வருஷம் வரை பாசி வராது. உரித்த பலாக்கொட்டை மாதிரி வெளுப்பாக இருக்கும். அரை மணி நேரம் காய்ந்தால் செத்துப்போகும். அதற்கு இன்னார்தான் தாய் என்று கிடையாது. எது பக்கத்தில் இருக்கிறதோ அது நனைக்கும். ஒன்று செத்தால் மற்றவை அதன் கையை விடுவதில்லை. அதன்மேல் இருக்கும் பாசி முழுக்கப் பழுத்து உதிரும்வரை, மூன்று மாசமானாலும், சுற்றி உட்கார்ந்திருக்கும்.

“அவங்களுக்குப் பயம் வந்தா ஓடத் தெரியாது பாக்கியம், கையப் புடிச்சுக்கத்தான் தெரியும்” என்று ஒருநாள் சொன்னீர்கள். நான் அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

அவற்றை நானே பார்த்த நாளைச் சொல்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கி, பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் தலையில் போர்த்திய கொங்காணி மட்டும் தெரிந்தது. பிள்ளைக்காம்பரா ஆயா மூச்சிரைக்க மலைக்கு ஏறி வந்தாள். ஒன்பது பிள்ளைகள், ஒரே ஒருத்தி. கதவைச் சாத்தித் திரும்பிப் பார்த்தால் மல்லிகா இல்லையாம்.

கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த மூட்டத்துக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. தண்ணீர் ஓடும் கான் ஓரமாக, லாரிப் பாதைக்குக் கீழே வந்தபோதுதான் அந்தச் சத்தம். டொக். டொக். பாதைக்கு அடியில் தண்ணீர் போவதற்குக் கல்லால் கட்டியிருக்கிறார்களே, அந்த மதகுக்குள்ளிருந்து.

காட்டை வெட்டியதும் அவை எங்கே வந்து ஒதுங்கின என்பது அப்போது புரிந்தது. எனக்குக் கால் வரவில்லை மதினி. பெற்ற பிள்ளை உள்ளே இருக்கிறாள், நான் வாசலில் நிற்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன்? ஒரு நிமிஷமா, அஞ்சு நிமிஷமா? அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முட்டி போட்டு உள்ளே போனேன். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஏழு தூங்கிக்கொண்டிருந்தன. அந்த வட்டத்தில் எட்டாவதாக என் மகள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கத்திலிருந்தும் கோத்திருந்தன. முழித்திருந்த ஒன்று உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி, ஒவ்வொருவர் தலையிலும் விட்டுக்கொண்டே வந்தது. மல்லிகாவின் தலையிலும் விட்டது. சட்டை உடம்போடு ஒட்டி, உதடு நீலமாகியிருந்தது. அவள் அழவில்லை. அழுகிற தெம்பு போய்விட்டது.

பாசி இல்லாத பிள்ளை. காய்ந்தால் செத்துப்போகும் என்று நினைத்து நனைத்துக்கொண்டிருந்தது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து என் பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தது.

இழுத்தேன். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. மல்லிகா ஈனமாக முனகினாள். அப்போது உங்கள் ஞாபகம் வந்தது. ரொட்டிக்கல்லில் கரண்டியால் தட்டிக் காட்டுவீர்களே, எழுப்புவதற்கு இப்படித்தான் தட்டுவார்கள் என்று. விரைவாக இரண்டு, விட்டு ஒன்று. ஒரு கல்லை எடுத்துச் சுவரில் அப்படியே தட்டினேன்.

முழித்திருந்தது நின்று என்னைப் பார்த்தது. இமை இல்லாத கண். என் பாவாடை நனைந்தது கானில் ஓடிய தண்ணீரால் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். அதன் கையைப் பிடித்து மல்லிகாவின் கழுத்தில் வைத்தேன். பிறகு என் கழுத்தில் வைத்தேன். எனக்குச் சூடு, அவளுக்கு இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை என் கழுத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அது குனிந்து, தூங்கியவற்றின் விரல் மொளிகளில் ஒவ்வொன்றாகத் தட்டியது. விரல்கள் திறந்தன.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நெஞ்சுச் சளி, காய்ச்சல். எங்கே கிடைத்தாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் கான் ஓரத்தில் என்றுதான் சொன்னேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் தம்பி மெதுவாகக் கேட்டார். அவர் அதட்டவில்லை. சத்தியம் வாங்கவில்லை. நானேதான் சொன்னேன் மதினி. மதகு எங்கே, உள்ளே எத்தனை, எந்த நேரத்தில் தூங்கும், எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் நம்பிச் சொன்னதையெல்லாம் சொன்னேன். நன்றாகத் தெரிந்தே சொன்னேன். அவை இல்லாமல் போனால் என் பயமும் போய்விடும் என்று நினைத்தேன்.

இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கந்தப்பளையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். பல நாளைக்குப் பிறகு அப்படி ஒரு வெயில். திருப்பத்தில் பார்க்கிறேன், லாரிப் பாதை ஓரத்தில் புகை. உங்கள் தம்பியும் இன்னும் மூன்று பேரும் மதகின் மேல்வாயில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைக் குவித்து, பச்சை இலையைப் போட்டு மூட்டியிருந்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? என் கழுத்தில் அந்தக் கை இருந்த இடம் சில்லிட்டது. பிள்ளையைக் கரையில் உட்கார வைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு, கீழ்வாய்க்கு ஓடிக் கல்லால் தட்டினேன். விரைவாக இரண்டு, விட்டு ஒன்று. திரும்பத் திரும்பத் தட்டினேன்.

கைகோத்தபடியே வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, புகையிலிருந்து வெயிலுக்கு. எண்ணினேன். ஏழு.

எட்டாவது வரவில்லை. மேல்வாயில், புகை நுழையும் இடத்தில், முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு முழித்திருந்ததும் அதுதானா என்று எனக்குத் தெரியாது. முறை மாறியிருக்கலாம். அதுவாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தம்பி குச்சியால் தள்ளியதும் அது சாய்ந்தது. செத்திருந்தது.

அந்த ஏழு பேரும் தேயிலைக்குள் போய் மறைந்திருக்கலாம். பத்தடி போனவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். ஆண்கள் நிற்கிறார்கள், நெருப்பு எரிகிறது, எதையும் பார்க்காமல் நேராக வந்து, செத்துக் கிடந்ததைச் சுற்றிப் பாதையிலேயே உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டார்கள். கூட வந்த மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். வெயிலில் அவர்களுடைய பாசி ஓரம் ஓரமாகக் கருகத் தொடங்கியது.

“அதத் தூக்குங்க” என்றேன்.

உங்கள் தம்பிக்கு விளங்கவில்லை. “எத?”

“செத்தத. அது போற எடத்துக்குத்தான் இவங்க வருவாங்க. இல்லாட்டி இங்கேயே காஞ்சு போயிருவாங்க.”

“பயமா இருக்கு பாக்கியம்.”

ஏழு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

“எனக்குந்தான்” என்றேன். “தூக்குங்க.”

தூக்கினார். கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. முன்னால் இருந்தது எழுந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. அதன் கையை அடுத்தது. அப்படியே ஏழு பேரும். நெருப்பை அணைப்பதற்கு வைத்திருந்த வாளியில் கான் தண்ணீரை மொண்டு மொண்டு நான் அவர்கள்மேல் ஊற்றிக்கொண்டு நடந்தேன். ஒரு கையில் வாளி, இடுப்பில் பிள்ளை. வரிசையில் கடைசியாக நடந்தவரின் இன்னொரு கை காலியாக இருந்தது. மல்லிகா கீழே இறங்கி அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை, மன்னியுங்கள்.

வெட்டிய காட்டைத் தாண்டி ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். எந்த இடம் என்று எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும். அவ்வளவு செங்குத்து, தேயிலை நடமுடியாது என்று அளந்தவர்களே விட்டுவிட்ட இடம். உங்கள் தம்பியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் திறக்கவில்லை. நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு, அவர்களோடு வட்டத்தில் உட்கார்ந்தார். மூட்டம் இறங்கிய பிறகுதான் விட்டார்களாம். பொழுது சாய வந்து சேர்ந்தார். மணிக்கட்டில் நாலு விரல் தடம். “அக்கா இருந்திருந்தா என்னைய அடிச்சிருக்கும்” என்றார். அடிக்க வேண்டியது அவரை அல்ல என்று சொல்லியிருக்க வேண்டும்.

மரம் வெட்டும் வேலைக்கு இனிப் போகமாட்டேன் என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் சொல்லிவிட்டார். இப்போது கான் வெட்டுகிறார். ஓடியவர்கள் மூன்று பேரும் பார்த்ததைத் துரையின் காதுவரை கொண்டுபோய்விட்டார்கள். உயிரோடு ஒன்றைப் பிடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். இடத்தைக் காட்டுகிறவனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நிரந்தர வேலையாம். கங்காணி இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டார். மலையைத் தாண்டி உடப்புசல்லாவைப் பக்கம் போய்விட்டன என்று உங்கள் தம்பி சொன்னார். கங்காணி என் பக்கம் திரும்பினார். நானும் அதையே சொன்னேன். என் குரல் நடுங்கியதை அவர் கவனித்தாரோ என்னவோ.

பயம் போகவில்லை மதினி. அவர்கள் பொல்லாதவர்கள் அல்ல என்று தெரிந்த பிறகும் போகவில்லை. பனி இறங்கினால் மல்லிகாவை என் முந்தானையில் முடிந்துகொள்கிறேன். நேற்று அவள் மரப்பாச்சியைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தாள். ஏன்டி என்று கேட்டால், “காஞ்சா செத்துரும்மா” என்கிறாள். அவளுக்குள் என்ன போயிருக்கிறது? அது எப்போதாவது போகுமா? நீங்கள் இருந்தால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

என்னிடம் தைரியம் இல்லை, இருக்கிறதை வைத்து ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கங்காணி கேட்டாலும், துரையே கூப்பிட்டுக் கேட்டாலும், ஸ்டோர் வேலையை உங்கள் தம்பி கையில் கொண்டுவந்து வைத்தாலும், இன்னொரு தடவை என் பிள்ளை இரண்டு நாழிகை காணாமல் போய் நான் பைத்தியமாக அலைந்தாலும், அந்த இடம் என் வாயிலிருந்து வராது. நடுங்கிக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் சொல்லமாட்டேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
பாக்கியம்