ஒரு மாதம் வந்த அரிசி

ஜார்ஜ் டவுன்,
12.3.1998

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதுவது. லண்டன் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, அம்மாவை நினைத்துத்தான் மனம் கிடந்து தவிக்கிறது.

விலைவாசி ஏறியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, பென்ஷன் ஏறவில்லையே. காலையில் பஸ் ஏறினால் கொம்தாரில் ஒரு சூப்பர்மார்க்கெட், பூலாவ் திக்குஸில் இன்னொன்று என்று மீன் டின்னையும் எண்ணெயையும் புரட்டிப் பார்த்துவிட்டு மத்தியானம் தாண்டித்தான் வீடு திரும்புவேன். ஜனவரியில் கடைக்காரர்களே தங்கள் பெயர் போட்டு விற்கும் மலிவு அரிசியை வாங்கினேன். முன்பு வாங்கிய அரிசி பத்துக் கிலோ மூன்று வாரம்தான் வரும், இது ஒரு மாதம் தாண்டி வந்தது. உலையில் நன்றாகப் பெருகுகிறது என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். நிபோங் திபாலிலிருந்து வந்த விஸ்வலிங்கம் சித்தப்பாவும் நம்பி வாங்கிப் போனார். அவர் வீட்டில் மூன்று வாரம்கூட வரவில்லையாம், போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்று பக்கத்து வீட்டு சபூரா, என்ன அங்கிள், ஆன்ட்டிக்கு வாரத்துல நாலு நாள் விரதமா, எங்க நோன்பையே மிஞ்சிருச்சுலா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளி மட்டும் இருந்தவள், திங்கள், செவ்வாய், வியாழன் என்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். விரதம் என்றால் யார் கேள்வி கேட்பார்கள்? சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு கிடந்திருக்கிறாள், போன வாரம் குழாயடியில் தலைசுற்றி உட்கார்ந்ததும் அதனால்தான். கேட்டால், சாமிக்கு இருக்கிறதுக்கும் சாமான் விலைக்கும் என்ன சம்பந்தம், வாயைக் கழுவுங்க என்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே.

சிவராத்திரிக்குக்கூடப் பட்டினி கிடக்காதவன், இன்றைக்கு எனக்கும் விரதம் என்று சொல்லிவிட்டேன். காலையில் காப்பி கொண்டுவந்தாள், தொடவில்லை. இப்போது பன்னிரண்டரை, இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் கேட்கிறது. ஒரு தட்டு மட்டும் வைத்தால் எழுந்திருக்க மாட்டேன்.

முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அம்மாவிடம் சுகமா என்று கேட்காதே, சுகம் என்றுதான் சொல்வாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேள்.

உன் அன்பு அப்பா,
கந்தப்பு